சங்கத்துக்குக் குறுவீடியோ போட்டால் கடைக்கு ஆள் வருமா?

கேள்வி: எங்கள் பகுதி வர்த்தகர் சங்கத்தைச் சின்னச் சின்ன வீடியோக்கள் மூலம் பிரபலப்படுத்த நினைக்கிறோம். எப்படித் தொடங்குவது? உண்மையில் பயன் உண்டா?

பதில்:

முதலில் ஒரு ஊகம். உங்கள் சங்கத்தில் நீங்கள்தான் வயது குறைந்தவர். கூட்டத்தில் யாரோ "இப்ப எல்லாம் டிக்டொக்தானே" என்று தொடங்க, இன்னொருவர் "தம்பிக்கு போன் விஷயமெல்லாம் தெரியும்" என்று முடிக்க, வேலை உங்கள் தலையில் விழுந்திருக்கிறது. சரியா? எனக்கும் அப்படித்தான் விழுந்தது.

கொழும்பு புறக்கோட்டையில் ஒரு குறுக்குத் தெருவில் எங்களுக்குத் தையல் சாமான் கடை. நூல், பட்டன், லேஸ், சிப், ஊசி. எத்தனையாம் குறுக்குத் தெரு என்று எழுதமாட்டேன். எழுதினால் யார் எந்தக் கடை என்று ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள், நான் இன்னும் அங்கே வியாபாரம் செய்ய வேண்டியிருக்கிறது. சங்கத்தில் நாற்பது கடை வரும். தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் எல்லாரும் இருக்கிறோம். தலைவர் ஒரு ஹாஜியார், பொருளாளர் ஒரு சிங்கள முதலாளி, நான் உதவிச் செயலாளர், அதாவது கூட்டத்துக்கு பிளேன்டீ சொல்கிறவன்.

நான் மார்க்கெட்டிங் படித்தவன் இல்லை. கீழே வந்து அல்கொரிதம் பாடம் எடுக்கப் போகிறவர்கள் தாராளமாக எடுங்கள், ஆனால் நாற்பது முதலாளிமாரை ஒரு அறையில் உட்காரவைத்துப் பழகிய பிறகு எடுங்கள். தனிக் கடைக்கு வீடியோ போடுவதும் சங்கத்துக்கு வீடியோ போடுவதும் ஒன்றில்லை.

2022இல் டொலர் ஏறி, சரக்கு வராமல், பெட்ரோல் வரிசையில் ஊரே நின்ற காலத்தில் எங்கள் தெரு காய்ந்துபோனது. அதற்குப் பிறகு நிலைமை கொஞ்சம் தேறினாலும் பழைய வாடிக்கையாளர் பலர் திரும்பி வரவில்லை. ஒன்லைனில் வாங்கப் பழகிவிட்டார்கள், அல்லது வாங்குவதையே குறைத்துவிட்டார்கள். அப்போதுதான் சங்கம் முழித்து, 85,000 ரூபா கொடுத்து ஒருவரைப் பிடித்து வீடியோ எடுத்தது. நாலரை நிமிடம். குத்துவிளக்கு ஏற்றுவது ஒரு நிமிடம், தலைவர் உரை இரண்டு நிமிடம், மிச்சத்தில் தெரு. ட்ரோன் பறக்கவிட வேண்டும் என்று வீடியோ எடுத்தவர் ஒற்றைக்காலில் நின்றார். பக்கத்தில் துறைமுகம், அனுமதி எடுக்காமல் இங்கே ட்ரோன் விட்டால் வீடியோவுக்கு முதல் பொலிஸ்தான் வரும் என்று சொல்லி நிறுத்த எனக்கு ஒரு நாள் போனது. எல்லாம் டிவிக்கு எடுப்பதுபோல அகலவாக்கில் எடுத்துவிட்டு, பிறகு போனுக்காக நெட்டுக்கு, அதாவது உயரவாக்கில், வெட்டித் தந்தார். வெட்டியதில் ஹாஜியாரின் பாதி முகம், ஒரு காது, பின்னால் காலண்டர். அதற்கு மேல் பின்னணியில் ஒரு சினிமாப் பாட்டு. உரிமை இல்லாத பாட்டு என்று பேஸ்புக் சத்தத்தை எடுத்துவிட்டது. ஆகவே பாதி முகம் சத்தமில்லாமல் வாயசைக்கும் ஒரு வீடியோ. 61 பேர் பார்த்தார்கள், அதில் பாதி எங்கள் ஆட்கள். (டிக்டொக்கில் வணிகக் கணக்கு வைத்தால் விளம்பரத்துக்கென்று அவர்கள் ஒதுக்கியிருக்கும் இசையைத்தான் போட முடியும். அதை முதலே தெரிந்துகொள்ளுங்கள்.)

அடுத்து "நீயே போனில் எடு" என்றார்கள். எடுத்தேன். சண்டை அங்கேதான் தொடங்கியது. முதல் வீடியோவில் எங்கள் கடைப் பலகை ஒரு ஓரத்தில் தெரிந்தது. வேண்டுமென்று செய்யவில்லை, எங்கள் கடை வாசலில் நின்று எடுத்தால் எங்கள் பலகைதானே தெரியும்? "சங்கக் காசில் தன் கடைக்கு விளம்பரம்" என்று வட்ஸ்அப் குழுவில் ஒருவர் குரல் பதிவு போட்டார், 4 நிமிடம், வீடியோவை விட நீளம். இரண்டாவதில் எந்தப் பலகையும் வராமல் எடுத்தேன். "இது என்ன தெரு, யாருடைய தெரு, ஒன்றுமே விளங்கவில்லை" என்றார்கள். மூன்றாவதில் நாற்பது பலகையையும் ஒவ்வொரு செக்கனாகக் காட்டினேன். தலை சுற்றியது, எனக்கே.

தீர்வு எங்கிருந்து வந்தது என்றால் சீட்டிலிருந்து. எங்கள் தெருவில் வருடக்கணக்காகச் சீட்டுப் பிடிக்கிறோம். யாருக்கு எந்த மாதம் என்பது பிஸ்கட் டின்னுக்குள் கடதாசி போட்டுக் குலுக்கி எடுப்பதுதான். கோடிக்கணக்கில் ஏற்றுமதி செய்தவரும் அந்த டின்னுக்கு மறுபேச்சுப் பேசமாட்டார். அதே டின்னை எடுத்தோம். கிழமைக்கு (வாரத்துக்கு) ஒரு கடை. உங்கள் முறை வந்தால் உங்கள் கடை, உங்கள் பலகை, உங்கள் ஆள். ஒரு சாமான், அதன் விலை, அவ்வளவுதான். விலை சொல்லாதவருக்கு முறை போய்விடும். இந்த விலைச் சட்டத்துக்குத்தான் பெரிய எதிர்ப்பு, ஏனென்றால் மொத்த விலையை வெளியே சொல்ல யாருக்கும் விருப்பமில்லை. சில்லறை விலையைச் சொல்லுங்கள், மொத்தத்துக்குக் கடைக்கு வரச் சொல்லுங்கள் என்று ஒருவழியாக ஒத்துக்கொண்டார்கள்.

இனி நான் எழுத விரும்பாத பகுதி. இந்தக் கேள்வியைப் பார்த்ததும் பதில் எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

எங்கள் தெருவில் ஒரு நாட்டாமை இருந்தார். தமிழ்நாட்டு நண்பர்கள் தீர்ப்புச் சொல்கிறவர் என்று நினைத்துவிடாதீர்கள், புறக்கோட்டையில் நாட்டாமை என்றால் மூட்டை தூக்குகிறவர், கரத்தை இழுக்கிறவர். ஐம்பத்தைந்து வயது இருக்கும். ஒன்பது துணிப் பொதி ஏற்றிய கரத்தையை, இரண்டு பக்கமும் லொறி நிற்கும் சந்தில், ஒரு பம்பரிலும் உரசாமல் ஒடித்துத் திருப்புவார். முன் சக்கரத்துக்கும் சாக்கடைக் கானுக்கும் நடுவில் நாலு விரல் இடம் இருக்காது. வாயில் "பார, பார" என்று வழி கேட்கும் சத்தம் மட்டும். ஒருநாள் காலையில் அதை 22 செக்கன் எடுத்துப் போட்டேன். கேட்காமல் எடுத்தேன் என்று சொல்லமுடியாது, "அண்ணே, ஒரு வீடியோ" என்றேன், அவர் சிரித்தார். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

மூன்று நாளில் ஒன்றரை இலட்சம் பேர் பார்த்தார்கள். ஹாஜியார் எனக்கு வட்டிலப்பம் வாங்கித் தந்தார். சங்கத்தில் என் மரியாதை எங்கேயோ உயர்ந்துவிட்டது. ஒரு பட்டன் கூட அதிகமாக விற்கவில்லை என்பது வேறு விஷயம், கீழே எழுதியவர்களெல்லாம் "உழைப்பாளி ஐயாவுக்குத் தலைவணங்குகிறோம்" என்று எழுதினார்களே தவிர, இது எந்தத் தெரு என்று ஒருவரும் கேட்கவில்லை.

நாலாம் நாள் அவர் கடைக்கு வந்தார். சிரிப்பில்லை. "தம்பி, அத அழிச்சிருங்க" என்றார். ஹட்டன் பக்கம் ஒரு தோட்டத்தில் அவர் குடும்பம். மகள் உயர்தரம் படிக்கிறாள். "ஊருல ஸ்டோர் கீப்பர்னு சொல்லியிருக்கேன் தம்பி. இருபது வருசமா அப்படித்தான் சொல்லி வச்சிருக்கேன்." மகளின் வகுப்பில் யாரோ அந்த வீடியோவைக் காட்டியிருக்கிறார்கள். அன்றைக்கு அவள் போன் எடுக்கவில்லையாம்.

அழித்தேன். ஆனால் அதற்குள் வேறு பக்கங்கள் எடுத்து, சோகப் பாட்டுப் போட்டு, தங்கள் வீடியோவாக ஓடவிட்டிருந்தார்கள். ஒவ்வொன்றாக முறைப்பாடு போட்டேன். சிலது போனது, சிலது இன்னும் இருக்கிறது. உழைப்பில் என்ன வெட்கம் என்று இங்கே யாராவது கேட்பீர்கள். என்னிடமும் கேட்டார்கள். வெட்கப்படுவதா வேண்டாமா என்று முடிவெடுக்க வேண்டியவர் அவர், நானும் இல்லை, ஒன்றரை இலட்சம் பேரும் இல்லை. அவர் இப்போது எங்கள் தெருவில் இல்லை. மெனிங் மரக்கறிச் சந்தை இடம்மாறிப் போன பேலியகொட பக்கம் வேலை செய்வதாகக் கேள்வி.

அதற்குப் பிறகுதான் பக்கத்துக் கடை ஐயா ஏன் கமெராவைக் கண்டால் உள்ளே போகிறார் என்பதும் எனக்கு உறைத்தது. 83 ஜூலையில், தமிழருக்கு எதிரான கலவரத்தில், அவர் கடை எரிந்தது. யார் கடை எது என்று தெரிந்து வந்து எரித்தார்கள். "பேரையும் முகத்தையும் நாமளே ஊருக்குக் காட்டுறதா?" என்று ஒருமுறை கேட்டார். பழைய ஆள், பயம் என்று அப்போது நினைத்தேன். இப்போது அவர் முறை வந்தால் அவர் விற்கும் சாரத்தையும் (லுங்கி) விலையையும் கையையும் மட்டும் எடுப்பேன். கையே போதும் என்கிறார், உண்மையில் அவர் சாரத்தை உதறி மடிக்கும் அழகுக்குக் கை போதும்தான்.

சரி, ஆள் வந்த வீடியோ எது என்று கேட்பீர்கள். இரண்டு.

ஒன்று, வழி. கோட்டை ரயில் நிலையத்தில் இறங்கி, வாசலில் ஓல்கொட் சிலையைத் தாண்டி, வீதியைக் கடந்து, 1923இல் கட்டிய கான் மணிக்கூட்டுக் கோபுரத்தடியால் மெயின் வீதிக்குள் நுழைந்து எங்கள் தெருவுக்கு நடந்து வருவது. நான் நடந்தபடி எடுத்ததை வேகமாக ஓட்டி 40 செக்கனுக்குச் சுருக்கினேன், திரும்பும் இடங்களில் மட்டும் நிறுத்தினேன். பார்த்தவர் தொகை பெரிதில்லை, ஆனால் சேமித்து வைத்தவர்களும் வட்ஸ்அப்பில் அனுப்பியவர்களும் அதிகம். வெளியூர் ஆட்களுக்குப் புறக்கோட்டை என்றால் சிவப்புப் பள்ளிவாசல் தெரியும், அதற்கு மேல் பயம், தொலைந்துபோவோம் என்று. இப்போது போனை முன்னால் பிடித்துக்கொண்டு நடந்து வருகிறார்கள், நானே பார்த்தேன்.

இரண்டாவது எங்கள் கடையில் எடுத்தது, சீட்டு முறைப்படி என் கிழமையில்தான், சந்தேகப்படுகிறவர்கள் டின்னைக் கேளுங்கள். சட்டைத் துணிக்கு நூல் பார்க்க வருகிறவரின் துணியை வாங்கி, நூல் ரீலை அதன் மேல் வைத்து, எங்கள் கடைப் பெடியன் நேரே வாசலுக்கு ஓடுவான். கடை லைட்டில் கறுப்பாகத் தெரிகிற நூல் வெயிலுக்குக் கொண்டுபோனால் கருநீலமாக இருக்கும். வருபவர்கள் அவன் எங்கே ஓடுகிறான் என்று முழிப்பார்கள். அதை அப்படியே எடுத்தேன்: உள்ளே ஒரு நிறம், வாசலில் ஒரு நிறம், முடிவில் ரீலில் ஒட்டியிருக்கும் நிற எண்ணைக் காட்டி "இதைக் குறித்து வையுங்கள், அடுத்தமுறை எண்ணைச் சொன்னால் போதும்" என்று அவன் சொல்வது, கடைசியில் விலை. மொத்தம் 28 செக்கன். மினுவாங்கொடையிலிருந்து ஒரு தையல்கார அக்கா வந்தார், கையில் எண் எழுதிய துண்டு. பிறகு அவர் தன் தோழிகளைக் கூட்டி வந்தார், அவர்கள் லேஸுக்குப் பக்கத்துக் கடைக்கும் போனார்கள். சங்கத்துக்கு இதைவிட வேறென்ன வேண்டும்.

யூடியூப் ஷோர்ட்ஸில் இப்போது 3 நிமிடம் வரை போடலாம் என்பதற்காக 3 நிமிடம் எடுக்காதீர்கள். நெட்டுக்கு எடுங்கள். சட்டையில் குத்தும் சின்ன மைக் ஒன்று வாங்குங்கள், தெருச் சத்தத்தில் போன் மைக் ஒன்றுக்கும் உதவாது. லொறி வருவதற்கு முன் காலையில் எடுங்கள்.

எழுத்துப் போடுவது கட்டாயம், பஸ்ஸில் சத்தமில்லாமல் பார்ப்பவர்கள்தான் பாதி. நாங்கள் சிங்களம் மேலே, தமிழ் கீழே போடுகிறோம், ஒரு கிழமை மாற்றி மறு கிழமை. அதிலும் ஒரு வயிற்றெரிச்சல். நான் முதலில் பாவித்த எடிட்டிங் செயலியில் தமிழ் உடைந்து வந்தது. கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம், நடுவில் புள்ளி வட்டம். "பட்டன் பெட்டி" என்பது வாசிக்க முடியாத எதுவோ ஆகிவிட்டது. எழுத்தைப் படமாக்கி ஒட்டித்தான் சமாளித்தேன். சரி, அது எங்கேயோ செய்த செயலி, விடுவோம். 1987இல் 13ஆவது திருத்தத்தோடு தமிழும் அரசகரும மொழி ஆன நாட்டில், நான் மாதா மாதம் போய்வரும் ஒரு அரச அலுவலகத்தில் "கட்டணம்" என்ற சொல்லை இன்னும் "கட்டனம்" என்று எழுதி வைத்திருக்கிறார்கள். இரண்டு முறை சொன்னேன். இரண்டாம் முறை கவுண்டரில் இருந்தவர் "உங்களுக்கு விளங்கியதுதானே?" என்றார். விளங்கியது. பஸ்ஸில் "தாய்மார்" என்பது "நாய்மார்" ஆன படம் எல்லாருடைய போனிலும் சுற்றியதே, அதுவும் விளங்கத்தான் செய்தது. எங்கள் ஓசி வீடியோவில் ஒரு கொம்பு நகர்ந்தால் நாற்பது முதலாளிமார் போன் எடுக்கிறார்கள், அங்கே யார் போன் எடுப்பது? கேள்விக்குச் சம்பந்தமில்லை, தெரியும். எழுதாமல் இருக்க முடியவில்லை.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். பயன் உண்டா என்றால், கொஞ்சம் உண்டு, மெதுவாக. நான் சொன்னதுதான் சரி என்று சாதிக்க வரவில்லை, நகைக்கடைத் தெருவுக்கும் மரக்கறிச் சந்தைக்கும் வேறு கணக்கு இருக்கலாம். போன் ஸ்டாண்ட் வாங்குவதற்கு முன் ஒரு பிஸ்கட் டின் வாங்குங்கள். முகம் வருகிற ஒவ்வொருவரிடமும் எடுத்த வீடியோவைக் காட்டி, "இதை உங்கள் ஊரில் பார்த்தால் பரவாயில்லையா?" என்று கேளுங்கள், சிரித்தால் இன்னொரு முறை கேளுங்கள்.

இந்தக் கிழமை டின்னில் குடைக்கடைக்காரர் பெயர் வந்திருக்கிறது. மழை பெய்தால்தான் எடுக்க விடுவேன் என்று பிடிவாதமாக நிற்கிறார். மூன்று நாளாக நானும் அவரும் காலையில் வாசலுக்கு வந்து வானத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போகிறோம்.