ஜாவா 8-க்குப் பிந்தைய வசதிகளைப் பழக எந்தச் சிறு புராஜெக்ட் ஏற்றது?

ஜாவா 8 வரை அறிந்த ஒருவர் புதிய வசதிகளைப் பழக எதை எழுதிப் பார்க்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். டெர்மினலில் இயங்கும் வீட்டுச் செலவுக் கணக்கு நிரலே போதும் என்பேன். ஜாவாவில் வலைச் செயலிகளை எழுத உதவும் ஸ்பிரிங் பூட் இப்போதைக்கு வேண்டாம், அது மொழியையே மறைத்துவிடும்.

ஒவ்வொரு செலவையும் நாள், தொகை, செலுத்திய முறை ஆகியவற்றைக் கொண்ட ரெக்கார்டாக (தரவை மட்டும் தாங்கும் சிறு கிளாஸ்) எழுதுங்கள். ஜாவா 16-இல் நிலைபெற்ற இந்த வசதியில் கன்ஸ்ட்ரக்டர், ஈக்வல்ஸ், ஹாஷ்கோடு ஆகியவற்றைக் கம்பைலரே உருவாக்கிக்கொள்ளும். தொகைக்கு டபுள் கூடாது (அதில் 0.1-உடன் 0.2-ஐக் கூட்டினால் 0.30000000000000004 வரும்), தசம எண்களைத் துல்லியமாக வைக்கும் பிக்டெசிமலைப் பயன்படுத்துங்கள், அதையும் ஸ்ட்ரிங்கிலிருந்தே உருவாக்குங்கள்.

செலுத்திய முறையில்தான் கற்க வேண்டியது அதிகம். அதை சீல்டு இன்டர்ஃபேஸாக (குறிப்பிட்ட வகைகள் மட்டுமே செயல்படுத்தக்கூடிய இன்டர்ஃபேஸ்) அமைத்து, ரொக்கம், அட்டை என்ற இரு ரெக்கார்டுகளுக்கு மட்டும் அனுமதி கொடுத்து, ஜாவா 21-இன் பேட்டர்ன் மேட்சிங் (மதிப்பின் வகையைப் பார்த்துக் கிளையைத் தேர்வது) கொண்ட ஸ்விட்ச் எக்ஸ்பிரஷனில், டிஃபால்ட் கிளை எதுவும் சேர்க்காமல் கையாளுங்கள். பிறகு காசோலை என்ற மூன்றாவது ரெக்கார்டைச் சேர்த்துப் பாருங்கள்: அதைக் கையாளாத ஒவ்வொரு ஸ்விட்சையும் கம்பைலர் பிழையாகச் சுட்டிக்காட்டும், பழைய இஃப்-எல்ஸ் முறையில் அந்த விடுபடல் நிரல் ஓடும்போதுதான் தெரியவரும்.

மாதவாரிக் கூட்டுத்தொகைக்கு செலவுகளை மாதப்படி தொகுத்துத் தரும் ஸ்ட்ரீமின் குரூப்பிங்பை உதவும். எல்லாம் ஒரே கோப்பில் இருக்கும்வரை, தனியாகக் கம்பைல் செய்யாமல் ஜாவா கட்டளையாலேயே நேரடியாக ஓட்டலாம். இது ஜாவா 11 முதலே உள்ள வசதி.