சவுக்குத் தோப்பு நடை: நிறுத்த வேண்டாம், மாற்றுங்கள்

கேள்வி: சென்னையிலிருந்து மரக்காணம் பக்கம் குடிவந்து இரண்டு மாதம் ஆகிறது. வீட்டுக்கும் கடலுக்கும் நடுவே சவுக்குத் தோப்பு. எங்கள் லாப்ரடார் பாண்டிக்கு நான்கு வயது, 30 கிலோ. தினமும் காலை எட்டு மணிக்கு அவனை அவிழ்த்துவிட்டுத் தோப்பு வழியாகக் கடற்கரைவரை கூட்டிப்போகிறேன். பந்தை எறிந்தால் அலைக்குள் பாய்ந்து எடுத்து வருவான். போன ஞாயிறு வீடு திரும்பியதும் நாலைந்து முறை வாந்தி, தண்ணீராகப் பேதி. காதிலும் விரலிடுக்கிலும் உண்ணி. பக்கத்து வீட்டு அக்கா மண்ணெண்ணெய் தடவச் சொல்கிறார். அம்மாவோ, "தோப்புல பாம்பு கெடக்கும், இனிமே போகாத" என்கிறார். நடையை நிறுத்திவிடத்தான் வேண்டுமா?
- வாசகி ஒருவர்

பதில்: வேண்டாம் சகோதரி. அம்மா தோப்பைப் பார்த்துப் பயப்படுகிறார். உண்மையில் பாண்டிக்குத் தோப்பைவிட, தோப்பு முடிந்து மணல் தொடங்குகிற இடத்தில்தான் ஆபத்து அதிகம். பாதையையும் நேரத்தையும் மாற்றினால் போதும்.

முதலில் ஞாயிற்றுக்கிழமை வாந்தி. நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் உப்புத் தண்ணீர்மேல்தான் சந்தேகம். அலைக்குள் பந்தைக் கவ்வும்போதெல்லாம் நாய் வாய் நிறையக் கடல் நீரை விழுங்குகிறது. அதில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. அந்த உப்பு உடம்பிலிருக்கும் நீரைக் குடலுக்குள் இழுத்துக்கொள்கிறது; அதனால்தான் பேதி தண்ணீராகப் போகிறது. அளவு மீறினால் மூளையைப் பாதித்து, தள்ளாட்டம், வலிப்பு என்று போய்விடும். இனி பந்து விளையாட்டு மணலோடு நிற்கட்டும், அதுவும் பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். கடலுக்குப் போகும் முன்பே 200 மில்லி நல்ல தண்ணீர் கொடுத்துவிடுங்கள். தாகம் தணிந்த நாய் கடல் நீரில் வாய் வைப்பது குறையும். அவன் எடைக்கு ஒரு மணி நேர நடை என்றால் ஒரு லிட்டர் பாட்டிலும் ஒரு கிண்ணமும் கையில் இருக்க வேண்டும். மறுபடி வாந்தி எடுத்தால் கால் டம்ளர், கால் டம்ளராக இடைவெளி விட்டுக் கொடுங்கள். வாளியோடு வைத்தால் மொத்தத்தையும் குடித்து மொத்தத்தையும் கக்குவான். வாந்தி நிற்காவிட்டாலோ நடை தள்ளாடினாலோ உடனே மருத்துவரிடம் போய்விடுங்கள்.

வாந்திக்கு இன்னொரு காரணமும் இருக்கலாம், அது இதைவிட மோசம். கரைவலை இழுக்கும் இடத்தில், விலைக்குப் போகிற மீனைப் பொறுக்கிய பிறகு மிச்சத்தை மணலிலேயே விட்டுவிடுவார்கள். அந்த மிச்சத்தில் பேத்தை மீன் கிடக்கும். வயிறு உப்பி, பல் துருத்திக்கொண்டு இருப்பதே அடையாளம். அதன் ஈரலிலும் முட்டையிலும் தோலிலும் உள்ள நஞ்சு நரம்புகளை முடக்கும்: எச்சில் வடியும், வாந்தி வரும், பின்னங்கால் தளரும், கடைசியில் மூச்சு நிற்கும். மாற்று மருந்து கிடையாது. நஞ்சு இறங்கும்வரை மூச்சைத் தாங்கிப் பிடிப்பது ஒன்றுதான் சிகிச்சை. லாப்ரடார் மென்று தின்கிற இனமும் இல்லை, அப்படியே விழுங்கிவிடும்.

அதே இடத்தில் காய்ந்த கெளுத்தியும் கிடக்கும். முதுகில் ஒன்று, செவுள் ஓரத்தில் பக்கத்துக்கு ஒன்று என மூன்று முள். ஒவ்வொன்றிலும் ரம்பப் பல். மீன் காய்ந்து தோலாகிப் போனாலும் முள் விறைத்து நிற்கும்; ரப்பர் செருப்பையே துளைக்கும், பாதம் எம்மாத்திரம்? இரை ஒட்டியிருக்கும் தூண்டில் முள்ளும் உண்டு. வாயிலிருந்து தங்கூசி நரம்பு, அதாவது தூண்டிலில் கட்டும் நைலான் இழை, தொங்கினால் இழுக்கவே கூடாது. முள்ளின் நுனியில் பின்னோக்கிய சின்னச் செதில் இருப்பதால், இழுக்க இழுக்கச் சதையில் ஆழமாகத்தான் இறங்கும். நரம்பைக் கழுத்துப் பட்டையில் சுற்றிக் கட்டி அப்படியே மருத்துவரிடம் கொண்டுபோங்கள். ஆக, வலை இழுக்கும் பக்கம் போகவே வேண்டாம். அங்கே சுற்றும் தெருநாய்களுக்கும் அது சொந்த இடம், சண்டை மிச்சம்.

பாண்டியை அவிழ்த்துவிடாதீர்கள். மூன்று மீட்டர் தட்டைக் கயிறு, கழுத்துப் பட்டைக்குப் பதில் மார்பில் மாட்டும் ஹார்னஸ். தானாக நீண்டு சுருங்கும் கயிறு இங்கே உதவாது. சவுக்கை மீட்டருக்கு ஒன்றாக நட்டிருப்பார்கள். இரண்டு மரம் சுற்றினால் சிக்கிவிடும். இப்போதுதான் வெட்டிய தோப்பாக இருந்தால் உள்ளே போகாதீர்கள். கணுக்கால் உயரத்தில் சாய்வாக வெட்டிய கட்டைகள் சருகுக்குள் மறைந்திருக்கும், ஓடுகிற நாயின் மார்பைக் கிழித்துவிடும். எப்போது வெட்டு என்று தோப்புக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்; நாயோடு உள்ளே நடக்கவும் அதுதான் முறை. தோப்புக்கு வெளியே மேட்டு மணலில் ராவணன் மீசைப் புல் இருக்கும். அதன் நுனி ஊசி. மூக்கும் கண்ணும்தான் முதலில் மாட்டும். அடப்பங்கொடி படர்ந்த பக்கமாகச் சுற்றிப் போங்கள்.

எட்டு மணி என்பது ஏப்ரல், மே மாதங்களில் ரொம்பத் தாமதம். நாய்க்கு வியர்வை பாதத்தில் மட்டும்தான், அதனால் பெரிய பயன் இல்லை. மூச்சிரைத்து, நாக்கின் ஈரம் ஆவியாகித்தான் உடம்பு குளிர வேண்டும். கடலோரக் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருப்பதால் நாக்கின் ஈரம் எளிதில் ஆவியாவதில்லை. வெயில் ஏறாவிட்டாலும் நாய் தவிப்பது இதனால்தான். சவுக்கு நிழலும் சல்லடை நிழல். கோடையில் விடிந்ததும் கிளம்பி ஏழு மணிக்குள் வீடு வந்துவிடுங்கள். மார்கழி, தை என்றால் எட்டு மணி பரவாயில்லை. புறங்கையை மணலில் ஏழு விநாடி வைக்க முடியவில்லை என்றால் பாதமும் தாங்காது.

நாக்கு அகலமாகி அடர்சிவப்பானால், எச்சில் கொழகொழத்தால், பின்தங்கினால் அத்தோடு நடை முடிந்தது. உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றுங்கள். நல்ல தண்ணீர் தீர்ந்துவிட்டால் கடல் நீரையே ஊற்றலாம், குடிக்கத்தான் கூடாது. துண்டால் விசிறுங்கள். முதலில் குளிரவைப்பது, அப்புறம்தான் வண்டி. ஈரத் துண்டைப் போர்த்தி அப்படியே விட்டால் அது சூட்டை உள்ளேயே அடைத்துவிடும்.

இனி உண்ணி. மண்ணெண்ணெய் வேண்டவே வேண்டாம். தோல் வெந்துபோகும், நக்கினால் வயிற்றுக்கும் நுரையீரலுக்கும் கேடு. நுனி கூரான இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல் நேராக மெதுவாக இழுங்கள். நசுக்காமல் சோப்புத் தண்ணீரில் போடுங்கள். காதின் உள்மடிப்பு, விரலிடுக்கு, அக்குள், வாலின் அடி, பட்டைக்குக் கீழே என்று தினமும் தடவிப் பார்க்க வேண்டும். உண்ணி முழுக்கத் தோப்பிலிருந்து வந்தது என்றும் நினைக்காதீர்கள். நாய்களைப் பிடிக்கும் பழுப்பு உண்ணி வீட்டுச் சுவர் விரிசலிலும் நாய் படுக்கும் மூலையிலும்தான் குடியிருக்கும், அங்கேயே முட்டையிடும். பாண்டி படுக்கும் இடத்தை முதலில் கவனியுங்கள். எடைக்கேற்ற மெல்லும் மாத்திரை, மாதத்துக்கு ஒன்றோ மூன்று மாதத்துக்கு ஒன்றோ, மருத்துவர் தருவார். வலிப்பு வந்த நாய் என்றால் அதை முன்பே சொல்லிவிடுங்கள். கடித்து ஒன்று முதல் மூன்று வாரத்துக்குள் காய்ச்சல், சோர்வு, வெளுத்த ஈறு, மூக்கில் ரத்தம், சிவந்த சிறுநீர் என்று எது தெரிந்தாலும் ரத்தப் பரிசோதனை உடனே. உண்ணிக் காய்ச்சலில், ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் மளமளவென்று இறங்கும்.

அம்மாவின் பாம்புப் பயத்தையும் தள்ளிவிட முடியாது. சருகுக்குள் விரியன் இருக்கலாம், நாய் மோந்து பார்ப்பதால் கடி பெரும்பாலும் முகத்திலும் முன்னங்காலிலும் விழும். கட்டுப் போடாதீர்கள், கீறாதீர்கள், நடக்கவிடாதீர்கள், தூக்கிக்கொண்டு போங்கள். எந்தக் கால்நடை மருத்துவமனையில் நஞ்சு முறிவு மருந்து இருப்பில் இருக்கிறது என்பதை இன்றைக்கே விசாரித்து வையுங்கள். துடுப்பு போன்ற தட்டை வாலோடு வலைமிச்சத்தில் கிடப்பது கடல் பாம்பு. நம் நாட்டு நஞ்சு முறிவு மருந்து அதற்கு வேலை செய்யாது.

கடைசியாக ஒன்று. ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் இந்தக் கரையில் ஏறி முட்டையிடும், குஞ்சு பொரிக்க 45 முதல் 60 நாள் ஆகும். அதனால் மே கடைசிவரை மணலில் கயிற்றை இன்னும் குட்டையாகப் பிடியுங்கள். டிராக்டர் ஏறி இறங்கினாற்போல் தடம் தெரிந்தால் பாண்டியைத் திருப்பிவிடுங்கள். ஓரடி ஒன்றரையடி மணலெல்லாம் நாயின் மூக்குக்கு ஒரு மறைப்பே இல்லை. இந்த ஆமை 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் உள்ள விலங்கு. நாய் தோண்டினாலும் கேள்வி உங்களிடம்தான் வரும். வனத்துறைக்குத் தகவல் சொன்னால் முட்டைகளைப் பொரிப்பகத்துக்கு எடுத்துப்போவார்கள்.