கிரீன்வில்லுக்குக் குடிபோகலாமா?

கேள்வி: நாங்கள் நியூ ஜெர்சி எடிசனில் இருக்கிறோம். என் கணவருக்குத் தென் கரோலினாவின் கிரீன்வில் நகரில், கார் உதிரிபாகம் செய்யும் ஒரு நிறுவனத்தில் வேலை வந்திருக்கிறது. சம்பளம் இங்கே வாங்குவதைவிடக் கொஞ்சம் குறைவு. ஆனால் வீட்டு விலையும் வரியும் குறைவு என்கிறார். அவர் எச்-1பி வேலை விசா, நான் அவரைச் சார்ந்த எச்-4 விசா, இஏடி என்ற வேலை அனுமதி இருக்கிறது. கிரீன் கார்டுக்காக நிறுவனம் போட்ட அவருடைய ஐ-140 மனு ஒப்புதலாகி மூன்று ஆண்டு ஆகிறது. நான் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன். மகள் ஏழாம் வகுப்பு, மகன் மூன்றாம் வகுப்பு. மாமியார் ஆண்டில் பாதி நாள் எங்களோடு இருப்பார். போன ஏப்ரலில் ஒரு வாரக் கடைசியில் போய்ப் பார்த்தோம். ஊர் கொள்ளை அழகு. அவர் அங்கேயே முடிவு பண்ணிவிட்டார். எனக்குத்தான் மனசு ஒப்பவில்லை. "சவுத்துக்கா போறீங்க?" என்று தோழிகள் வேறு பயமுறுத்துகிறார்கள். என்ன செய்யலாம்?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, எடிசன்

பதில்: அன்புச் சகோதரி, போகலாம் என்றுதான் சொல்வேன். கிரீன்வில்லை ஒட்டிய சிம்ப்சன்வில்லில் பல வருடமாகக் குடியிருப்பவள் நான். இந்த ஊரை எனக்குப் பிடிக்கும், அதை மறைக்கப் போவதில்லை. ஆனால் உங்கள் கணவர் சொல்லும் காரணத்தை மட்டும் நம்பி வராதீர்கள். வீடு மலிவு என்று வந்தவர்களில் சிலர் இரண்டே வருடத்தில் திரும்பிப் போனதைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் வீட்டிலெல்லாம் வேலைக்குப் போனவருக்கு ஊர் பிடித்திருந்தது. பகல் முழுக்க வீட்டில் இருந்தவருக்குத்தான் பிடிக்கவில்லை. உங்கள் வீட்டில் அப்படிப் பகலெல்லாம் இருக்கப் போவது நீங்களும் மாமியாரும். அதனால் உங்கள் இரண்டு பேரையும் வைத்தே பதில் சொல்கிறேன்.

முதலில் ஊரைப் பற்றி. நீங்கள் பார்த்து மயங்கிய மெயின் ஸ்ட்ரீட் தானாக அப்படி அமைந்துவிடவில்லை. இது பஞ்சாலை ஊர். 'உலகின் ஜவுளித் தலைநகரம்' என்று தன்னைச் சொல்லிக்கொண்ட காலம் உண்டு. ஆலைகள் மூடின, கடைகள் ஊருக்கு வெளியே மால்களுக்குப் போய்விட்டன, நடுத்தெரு வெறிச்சோடியது. 1971-ல் மேயராக வந்த மேக்ஸ் ஹெல்லர்தான் அதைத் திருப்பியவர். வியன்னாவில் பிறந்த யூதர், நாஜிகளுக்குத் தப்பி 1938-ல் இங்கே வந்து ஒரு சட்டைத் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தவர். நான்கு வழியாக இருந்த மெயின் ஸ்ட்ரீட்டை இரண்டு வழியாகக் குறுக்கி, நடைபாதையை அகலமாக்கி, மரம் நட வைத்தார். இன்று அந்தத் தெருவில் உங்கள் தலைக்கு மேல் கூடியிருக்கும் நிழலுக்கு அதுதான் தொடக்கம். அப்புறம் ரீடி ஆற்று அருவியை மறைத்துக்கொண்டிருந்த வாகனப் பாலத்தை நகராட்சி 2002-ல் இடித்தது. 2004-ல் பூங்காவையும் வளைந்த லிபர்ட்டி நடைபாலத்தையும் திறந்தது. கார் போக இருந்த பாலத்தை எடுத்துவிட்டு ஆள் நடக்கப் பாலம் போட்ட ஊர் அமெரிக்காவில் எத்தனை இருக்கும் சொல்லுங்கள்.

இன்னொன்று, ஊரின் அளவு. 2020 கணக்கெடுப்பில் நகரத்தில் சுமார் 70,000 பேர்தான். சுற்றியுள்ள கவுன்ட்டியையும் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) சேர்த்தால் 5 லட்சத்தைத் தாண்டும். அந்த ஐந்து லட்சம் பேரால்தான் மருத்துவமனைகள், விமான நிலையம், இசைக் கச்சேரி அரங்கம் எல்லாம் இருக்கின்றன. நகரம் சின்னது என்பதால் எதற்கும் அலைச்சல் இல்லை. மாலை ஐந்தரைக்கு வேலை முடிந்தால் ஆறரைக்குப் பிள்ளையோடு ஆற்றங்கரையில் இருக்கலாம். வடக்கே கொஞ்ச நேரம் ஓட்டினால் பாரிஸ் மவுன்டன் ஸ்டேட் பார்க். ஒரு மணி நேரத்துக்குள் புளூ ரிட்ஜ் மலைத்தொடரும் சீசர்ஸ் ஹெட் பாறை உச்சியும். எடிசனில் ஒரு சனிக்கிழமை பூராவும் காரிலும் பார்க்கிங்கிலும் எப்படிக் கரைகிறது என்று உங்களுக்கே தெரியும். என்னைக் கேட்டால், குறைந்த சம்பளத்துக்கு ஈடாக இந்த ஊர் கொடுப்பது சாயங்காலங்களைத்தான். உங்கள் மகனுக்கு இன்னும் பத்து வருடம் அப்பாவோடு அப்படிச் சாயங்காலங்கள் கிடைக்குமென்றால், வீட்டு விலையைவிட அது எனக்குப் பெரிய காரணம்.

சரி, தோழிகள் சொல்லும் 'சவுத்' விஷயத்துக்கு வருகிறேன். அவர்கள் பயம் வெறும் கற்பனை இல்லை. 1960-ல் இங்கே பொது நூலகம் வெள்ளையருக்கு மட்டும் என்று இருந்தது. உள்ளே போய் உட்கார்ந்து படித்ததற்காக எட்டுக் கறுப்பின மாணவர்களைக் கைது செய்தார்கள். அவர்களில் ஒருவர் இந்த ஊரிலேயே பிறந்து, பின்னாளில் கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டத் தலைவரான ஜெஸ்ஸி ஜாக்சன். மார்ட்டின் லூதர் கிங் நாளுக்கு இந்தக் கவுன்ட்டி அரசு விடுமுறை தர 2000-களின் நடுப்பகுதி வரை இழுத்தடித்தது. அதே மாநிலம், பஞ்சாபிலிருந்து வந்த பெற்றோருக்கு இங்கே பிறந்த நிக்கி ஹேலியை ஆளுநராகத் தேர்ந்தெடுத்தது. சட்டமன்ற வளாகத்திலிருந்த கூட்டமைப்புக் கொடி, அதாவது உள்நாட்டுப் போரில் அடிமை முறையைக் காக்க நின்ற தென் மாநிலங்களின் கொடி, 2015-ல் இறங்கியது அவர் காலத்தில்தான். இரண்டையும் தெரிந்துகொண்டு வாருங்கள். மகளுக்கும் சொல்லிக்கொடுங்கள், பள்ளிப் புத்தகத்தில் எவ்வளவு வருகிறதோ அதற்கு மேலேயே.

அன்றாடம் நீங்கள் சந்திக்கப் போவது இன்னொரு வகை. குடிவந்த வாரமே பக்கத்து வீட்டம்மா பவுண்ட் கேக்கோடு கதவைத் தட்டுவார். பெயர் கேட்பார், எந்த ஊர் என்பார், மூன்றாவது கேள்வி அநேகமாக "எந்தச் சர்ச்சுக்குப் போறீங்க?" என்பதாக இருக்கும். நெளிய வேண்டாம். "நாங்க இந்துங்க, மால்டின்ல இருக்கற கோயிலுக்குப் போவோம்" என்று சாதாரணமாகச் சொல்லுங்கள். பெரும்பாலும் "அப்படியா, அங்கே என்ன செய்வீங்க?" என்று கேட்பார்கள். தீபாவளிக்கு ஒரு தட்டு முறுக்கு கொண்டுபோய்க் கொடுத்தால் உறவு நிற்கும். சிலர் விடாமல் சர்ச்சுக்கு அழைப்பார்கள். ஒருமுறை மரியாதையாக, தெளிவாக மறுத்தால் போதும். பள்ளியில் பிள்ளைகள் ஆசிரியரிடம் "யெஸ் மேம், நோ சார்" என்றுதான் பேசுவார்கள். உங்கள் மாமியாருக்கு அது ரொம்பப் பிடிக்கும் பாருங்கள்.

மாமியார் விஷயத்தில்தான் எனக்குக் கவலை. எடிசனில் அவர் ஓக் ட்ரீ ரோடு பக்கம் போனால் கறிவேப்பிலை வாங்கலாம், நம் ஊர் முகம் நாலு பார்க்கலாம். இங்கே புதிதாக எழும்பும் காலனிகள் பலவற்றில் வாசலைத் தாண்டினால் நடைபாதையே கிடையாது. காலனி முகப்பு வரை போய்த் திரும்பலாம், அதற்கப்பால் கார் பறக்கும் சாலை. பேருந்து உண்டு, அதை நம்பிக் குடும்பம் நடத்த முடியாது. நீங்கள் கார் ஓட்டுவீர்களா என்று கடிதத்தில் எழுதவில்லை. ஓட்டத் தெரியாதென்றால், பெட்டி கட்டுவதற்கு முன்னால் அதைக் கற்றுக்கொள்ளுங்கள். இந்திய மளிகைக் கடைகள் இருக்கின்றன, இட்லி மாவும் முருங்கைக்காயும் கிடைக்கும். தமிழ்க் குடும்பங்களும் இருக்கிறோம். ஆனால் எடிசன் போலக் கதவைத் திறந்தால் தமிழ் காதில் விழாது. தேடிப்போய்ப் பழக வேண்டும். அட்லாண்டா பக்கம் ரிவர்டேல் பெருமாள் கோயிலுக்குப் போக வேண்டுமென்றால் ஏறக்குறைய இரண்டரை மணி நேரம் ஓட்ட வேண்டும்.

அதனால் எந்த வீடு என்பதை மாமியாரின் காலை நடையை வைத்து முடிவு செய்யுங்கள். ஸ்வாம்ப் ராபிட் டிரெயில் என்று பழைய ரயில் பாதையைப் பாதையாக்கி வைத்திருக்கிறார்கள். ஊர் நடுவிலிருந்து ஃபர்மன் பல்கலைக்கழகத்தைத் தொட்டு டிராவலர்ஸ் ரெஸ்ட் வரை போகிறது. கார் கிடையாது, ஏற்றம் அதிகமில்லை, வயதானவர்கள் நிறைய நடக்கிறார்கள். அதையொட்டி ஒரு வீடு, சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை, ஊருக்கு வெளியே நான்கு படுக்கையறை மாளிகையைவிட உங்கள் இருவருக்கும் நல்லது. வுட்ரஃப் ரோடு பக்கம் கடைகள் எல்லாம் இருக்கின்றன என்று வீட்டுத் தரகர் சொல்வார். சாயங்காலம் ஐந்து மணிக்கு அந்தச் சாலையில் நீங்களே ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டுப் பதில் சொல்லுங்கள்.

முதல் வருடம் வாடகைக்கே இருங்கள். வரிக் கணக்கும் அப்போது புரியும். நியூ ஜெர்சியில் சராசரி வீட்டு வரி ஆண்டுக்கு 10,000 டாலரை ஒட்டி இருக்கிறது, இங்கே அதில் சிறு பங்குதான் என்பது உண்மை. ஆனால் இணையத்தில் ஒரு வீட்டுக்குப் போட்டிருக்கும் வரியைப் பார்த்து ஏமாறாதீர்கள். அது இப்போதைய உரிமையாளர் கட்டுவது. அவருக்கு மதிப்பு ஐந்தாண்டுக்கு 15 விழுக்காட்டுக்கு மேல் ஏறாது என்ற வரம்பு இருக்கிறது. வீடு கைமாறினால் புது மதிப்பு போடுவார்கள். சொந்தக் குடியிருப்பு என்றால் வீட்டு மதிப்பில் 4 விழுக்காட்டை மட்டும் எடுத்து அந்தத் தொகைக்கு வரி போடுவார்கள், இல்லையென்றால் 6 விழுக்காட்டை எடுப்பார்கள். 4 விழுக்காட்டுக்காரர்களுக்குப் பள்ளி நடத்தும் செலவுக்கான வரியும் கிடையாது. இதெல்லாம் தானாக வராது, நீங்கள்தான் கவுன்ட்டி அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். விசாவில் இருப்பவர்களுக்கு எந்த ஆவணங்கள் வேண்டும் என்பதை வீட்டுக்கு முன்பணம் கொடுக்கும் முன்பே அங்கே கேட்டு வையுங்கள். காருக்கும் ஆண்டுதோறும் சொத்து வரி உண்டு, நியூ ஜெர்சியிலிருந்து வருகிறவர்கள் இதில் அதிர்ந்துபோவார்கள். வெளிமாநிலத்துக் காரை முதன்முதலாகப் பதியும்போது ஒரு காருக்கு 250 டாலர் வரை கட்டணம் தனியாக இருக்கிறது.

பள்ளி விஷயத்தில் பூசி மெழுக மாட்டேன். மாநிலச் சராசரியில் நியூ ஜெர்சி எங்கேயோ மேலே இருக்கிறது. ஆனால் இங்கே கவுன்ட்டி முழுவதும் ஒரே பள்ளி மாவட்டம். நல்ல பள்ளிகளும் சுமாரான பள்ளிகளும் அதற்குள்ளேயே இருக்கின்றன. எந்தப் பள்ளி என்பதை உங்கள் வீட்டு முகவரி தீர்மானிக்கும். வெளியிலிருந்து விண்ணப்பித்துச் சேரும், சிறப்புப் பாடத்திட்டம் கொண்ட மேக்னட் பள்ளிகளும் உண்டு, அவற்றுக்குக் கடைசித் தேதி முன்கூட்டியே வந்துவிடும். மகள் ஒன்பதாம் வகுப்பைத் தொடங்கும் முன் வந்துவிடுவது நல்லது, நடுவில் மாற்றினால் மதிப்பெண் கணக்கும் நட்பும் இரண்டும் குழம்பும். கிளெம்சன் பல்கலைக்கழகம் பக்கத்தில் இருக்கிறது. ஆனால் லைஃப், பால்மெட்டோ ஃபெல்லோஸ் போன்ற மாநில உதவித்தொகைகள் குடியுரிமையோ கிரீன் கார்டோ இருக்கும் பிள்ளைகளுக்குத்தான். மகள் எச்-4 என்றால் அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

விசா. ஐ-140 ஒப்புதலாகி 180 நாள் கடந்துவிட்டது, எனவே பழைய நிறுவனம் அதைத் திரும்பப் பெற்றாலும் ஒப்புதல் தானாக ரத்தாகாது; கிரீன் கார்டு வரிசையில் அவர் இடத்தைக் குறிக்கும் முன்னுரிமைத் தேதியும் போகாது. புது நிறுவனம் எச்-1பி மாற்ற மனு போட வேண்டும், பிறகு தொழிலாளர் துறையிடம் வாங்கும் பெர்ம் சான்றை முதலிலிருந்து தொடங்க வேண்டும். கிரீன் கார்டுக்கான பெர்மை எப்போது தொடங்குவார்கள் என்பதை வேலைக் கடிதத்திலேயே எழுதி வாங்கச் சொல்லுங்கள், வாய்வார்த்தை போதாது. உங்கள் இஏடி அவருடைய நிலையை ஒட்டி நிற்பது, அதனால் ஒரு குடிவரவு வழக்கறிஞரிடம் இரண்டு கோப்பையும் சேர்த்துக் காட்டுங்கள். உங்கள் நிறுவனம் தென் கரோலினாவில் சம்பளம் போடப் பதிவு செய்திருக்கிறதா, அங்கிருந்து வேலை பார்க்க விடுமா என்பதையும் இப்போதே கேளுங்கள். பல வீடுகளில் கணவரின் வேலையை மட்டும் கணக்கிட்டு வந்துவிட்டு, மனைவி வேலையை இழந்ததைப் பார்க்கிறேன். உங்கள் வருமானம் குடும்பத்தின் காப்பீடு. அதைக் கடைசியில் பேசிக்கொள்ளலாம் என்று விடாதீர்கள்.

ஏன் இவ்வளவு அழுத்துகிறேன் என்றால், வேலை போனால் எச்-1பிகாரருக்கு அதிகபட்சம் 60 நாள்தான். நியூ ஜெர்சியில் அந்த 60 நாளுக்குள் கதவு தட்ட நூறு நிறுவனம் இருக்கும். இங்கே பெரிய பெயர்கள் கொஞ்சம்தான்: 1994 முதல் கார் செய்யும் பிஎம்டபிள்யூ ஆலை, அதில் 11,000 பேருக்கு மேல் வேலை செய்கிறார்கள். டயர் செய்யும் மிஷெலினின் வட அமெரிக்கத் தலைமையகம், ஜிஇ வெர்னோவாவின் எரிவாயு டர்பைன் ஆலை, கட்டுமானப் பொறியியல் நிறுவனமான ஃபுளூர், மருத்துவமனைகள். உதிரிபாக நிறுவனங்கள் பல, ஆனால் கார் தொழில் சுணங்கினால் எல்லாம் சேர்ந்தே சுணங்கும். ஆறு மாதச் செலவுக்குக் கையில் பணம் இல்லாமல் இங்கே வீடு வாங்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

ஏப்ரலில் வந்து பார்த்தேன் என்கிறீர்கள். அது ஊர் மணப்பெண் கோலத்தில் இருக்கும் மாதம். பைன் மகரந்தம் மஞ்சள் பொடியாகக் கார் மேல் படிந்திருந்ததைக் கவனித்தீர்களா? ஆஸ்துமா இருப்பவர் வீட்டில் இருந்தால் சொல்லுங்கள், அது சின்ன விஷயமில்லை. புயலும் கடற்கரையோடு நின்றுவிடும் என்று நினைக்க வேண்டாம். 2024 செப்டம்பர் 27-ல் ஹெலீன் வந்தபோது மரங்கள் சாய்ந்து, பல தெருக்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. எங்கள் தெருவில் யார் வீட்டில் ஜெனரேட்டர் ஓடியதோ அங்கே எல்லோருடைய மருந்தும் பிள்ளைகளின் பாலும் ஒரே ஃபிரிட்ஜில் இருந்தன. யாரும் யாரையும் கேட்கவில்லை, வீடு வீடாக வந்து வாங்கிப்போனார்கள்.

முடிவு சொல்லும் முன் ஆகஸ்டில் ஒருமுறை வாருங்கள், மாமியாரையும் அழைத்துக்கொண்டு. புழுக்கம் உச்சத்தில் இருக்கும், பள்ளியும் திறந்திருக்கும். வாரக் கடைசியில் வராமல் செவ்வாய், புதன் கிழமையில் வாருங்கள். காலையில் அவரை டிரெயிலில் நடக்க விட்டுப் பாருங்கள். கணவர் போகப்போகும் அலுவலகத்திலிருந்து நீங்கள் பார்த்து வைத்திருக்கும் வீடு வரை மாலையில் ஓட்டிப் பாருங்கள். மகளுக்குக் குறித்து வைத்த பள்ளியில் ஆலோசகரைச் சந்திக்க முன்கூட்டியே நேரம் வாங்குங்கள். அந்த இரண்டு நாளும் சரியாக அமைந்தால், வேலைக் கடிதத்தில் பெர்ம் தேதியும் எழுத்தில் இருந்தால், தோழிகள் சொல்வதை விட்டுவிட்டுக் கிளம்பி வாருங்கள்.