லிப்ரே ஒபிஸ் டூல்பார் பட்டன்கள் அப்பாவுக்குத் தெரியவில்லை

அக்கா, வெள்ளவத்தைக் கடைக்கு வாங்கின 4கே மொனிட்டரில், லிப்ரே ஒபிஸில் கடிதம் எழுதும் மென்பொருளான ரைட்டரின் பட்டன்கள் பொடிப்பொடியாகத் தெரிகிறது, அப்பாவால் எது என்ன என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை என்று எழுதியிருந்தீங்கள். விண்டோஸின் அளவைக் கூட்டாதீங்கோ, மற்ற எல்லாமும் சேர்ந்து பெருத்துவிடும்.

டூல்ஸ் > ஒப்ஷன்ஸ் > லிப்ரே ஒபிஸ் > வியூ போய், ஐகன் சைஸில் டூல்பாரை 'எக்ஸ்ட்ரா லார்ஜ்' ஆக்குங்கள்.

ஆனால் வயதான கண்ணுக்குப் படத்தைவிட எழுத்துத்தான் உதவும் என்பது என் எண்ணம். டூல்பாரில் ரைட் கிளிக் பண்ணி 'கஸ்டமைஸ் டூல்பார்' திறவுங்கள். முதலில் 'ஸ்கோப்' பெட்டியைப் பாருங்கள்: அதில் ரைட்டரின் பெயர் இருக்கவேணும். திறந்திருக்கும் கோப்பின் பெயர் இருந்தால் மாற்றம் அந்தக் கோப்போடு நின்றுவிடும், நாளைக்கு அப்பா புதுக் கடிதம் திறந்தால் பழையபடிதான். பிறகு டூல்பார் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன பட்டனில் 'ஐகன் அண்ட் டெக்ஸ்ட்' தெரிவுசெய்யுங்கள்.

இப்ப வரிசை நீண்டு, கடைசிப் பட்டன்கள் ஓரத்து அம்புக்குறிக்குள் போய்விடும். திரும்ப ரைட் கிளிக், 'விசிபிள் பட்டன்ஸ்'. சேவ், பிரிண்ட், அன்டூ போல அவர் தொடுகிறவற்றை மட்டும் விட்டு, மிச்சத்தின் சரி அடையாளத்தை எடுத்துவிடுங்கள். அவை அழியாது, வேண்டும்போது திரும்பப் போடலாம்.

வியூ > யூசர் இன்டர்பேஸில் 'ஸ்டாண்டர்ட் டூல்பார்' இருக்கட்டும். 'டப்ட்' (Tabbed) வைத்திருந்தால் இந்த மாற்றங்கள் அதில் தெரியாது.