பழ பிரவுனியும் வீட்டு ஐசிங்கும்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்கள்

பழம் சேர்த்த பிரவுனி, அதன் மேல் வீட்டிலேயே செய்து தடவும் ஐசிங், இந்த இரண்டையும் பற்றிக் கேள்விகள் அனுப்பச் சொல்லியிருந்தேன். வந்தவற்றில் பாதிக்கு மேல் ஒரே புலம்பல்தான்: நடு வேகவில்லை, கூழாக இருக்கிறது, ஐசிங் வழிந்துவிட்டது. பெரும்பாலும் காரணம் பழத்துக்குள் இருக்கும் தண்ணீர். ஸ்ட்ராபெரியின் எடையில் ஏறத்தாழ 91 சதவீதம் தண்ணீர். ஆப்பிளில் 85, வாழைப்பழத்தில் 75. 300 கிராம் ஸ்ட்ராபெரியைக் கலவையில் போட்டால் கால் லிட்டருக்கு மேல் தண்ணீர் ஊற்றிய கணக்கு. இதை மனதில் வைத்துக்கொண்டு கீழே படியுங்கள்.

கேள்வி: அக்கா, ஸ்ட்ராபெரி பிரவுனி 45 நிமிடம் பேக் செய்தேன். ஓரம் கல் மாதிரி ஆகிவிட்டது, நடுவில் இன்னும் ஈரம். இன்னும் எவ்வளவு நேரம் விட்டிருக்க வேண்டும்?

பதில்: நேரத்தைக் கூட்டியிருந்தால் ஓரம் இன்னும் கெட்டுப் போயிருக்கும், அவ்வளவுதான். ஒரு துண்டை வெட்டி வெளிச்சத்தில் பாருங்கள். ஒவ்வொரு பழத்துண்டைச் சுற்றியும் கருமையாக, பளபளவென்று ஒரு வளையம் தெரியும். பழம் வெந்தபோது விட்ட நீர் அங்கே மாவை ஊற வைத்திருக்கிறது. நான் முதன்முதலில் ஸ்ட்ராபெரி போட்டபோதும் அந்த வளையத்தைப் பார்த்துத்தான் விஷயம் புரிந்தது.

பழத்தை முதலில் தனியாக வாட்டிவிடுங்கள். 300 கிராம் ஸ்ட்ராபெரியை இரண்டாக நறுக்கி, ஒரு டேபிள்ஸ்பூன் சர்க்கரை தூவி, தட்டில் ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பி, 175 டிகிரி செல்சியஸில் 25 முதல் 30 நிமிடம் வையுங்கள். சுருங்கி, ஓரங்கள் கருஞ்சிவப்பாகி, தட்டில் பாகு தேங்கி நிற்கும். பழத்தை வடித்து ஆறவிட்டுக் கலவையில் சேருங்கள். அந்தப் பாகைக் கொட்டிவிடாதீர்கள்! ஐசிங்குக்கு அதைவிட நல்ல பொருள் கிடையாது. செர்ரி, பீச், பிளம் எல்லாவற்றுக்கும் இதே வழிதான். ஆப்பிளை மட்டும் சிறு துண்டுகளாக்கி, கொஞ்சம் வெண்ணெயில் ஈரம் வற்றும் வரை வதக்கிக்கொள்வது எனக்குப் பிடித்த முறை.

இன்னொன்று, கண்ணாடிப் பாத்திரத்தில் பேக் செய்கிறீர்களா? அது மெதுவாகச் சூடேறும், சூட்டை விடவும் விடாது. ஓரம் காய்வதற்கு அதுவும் ஒரு காரணம். வெளிர் நிற உலோகத் தட்டுக்கு மாறுங்கள். முடியாவிட்டால் வெப்பத்தை 15 டிகிரி குறைத்து வையுங்கள்.

கேள்வி: வாழைப்பழ பிரவுனிக்கு உறுதியான அளவு வேண்டும். நான் செய்தால் ஒவ்வொரு முறையும் கேக் ஆகிவிடுகிறது.

பதில்: மைதா கூடிவிட்டாலோ, பேக்கிங் பவுடர் போட்டாலோ கேக்தான் வரும். பழம் ஈரமாக இருக்கிறதே என்று பயந்து மாவை அள்ளிப் போடுவதுதான் பெரும்பாலும் நடக்கிறது.

20 சென்டிமீட்டர் சதுரத் தட்டுக்கு என் கணக்கு: வெண்ணெய் 115 கிராம், சர்க்கரை 170 கிராம், முட்டை 2, மசித்த வாழைப்பழம் 150 கிராம், கோகோ பவுடர் 50 கிராம், மைதா 90 கிராம், உப்பு அரை டீஸ்பூன், வெனிலா ஒரு டீஸ்பூன். பேக்கிங் பவுடர் வேண்டாம். பழத்தையும் தராசில் வைத்துத்தான் நிறுக்க வேண்டும். "இரண்டு பழம்" என்று கண்ணளவில் போட்டால் ஒரு நாள் 150, இன்னொரு நாள் 260 என்று ஆகும்.

வெண்ணெயை உருக்கி, சூடாக இருக்கும்போதே சர்க்கரையையும் கோகோவையும் சேர்த்துக் கலக்குங்கள். கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் முட்டைகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து நன்றாக அடியுங்கள். பிறகு பழம், வெனிலா, உப்பு. கடைசியில் மைதாவைச் சலித்துப் போட்டு, வெள்ளை மறையும் வரை மட்டும் கிளறுங்கள். பட்டர் பேப்பர் போட்ட தட்டில் ஊற்றி 175 டிகிரியில் 28 முதல் 32 நிமிடம். பல்குச்சி சுத்தமாக வந்தால் தாமதமாகிவிட்டது என்று அர்த்தம். ஈரப்பிசுக்குள்ள பொடித் துணுக்குகள் இரண்டு மூன்று ஒட்டி வர வேண்டும், அதுதான் பதம். மாவாகவே ஒட்டினால் இன்னும் நான்கு நிமிடம்.

தோலில் கரும்புள்ளி நிறைய விழுந்த பழத்தை எடுங்கள். அதற்குள் மாவுச்சத்து பெரும்பாலும் சர்க்கரையாக மாறியிருக்கும். காயாக இருக்கும் பழத்தில் வாசனையும் இல்லை, இனிப்பும் இல்லை.

கேள்வி: வெண்ணெய்க்குப் பதிலாக முழுவதும் ஆப்பிள் கூழ் சேர்க்கலாமா?

பதில்: பாதி வரை சரி. முழுவதையும் மாற்றினால் ரப்பர் மாதிரி இழுபடும். மைதாவில் இருக்கும் புரதம் தண்ணீரோடு சேர்ந்துதான் வலை பின்னுகிறது. அதைத் தடுத்து மென்மையாக வைத்திருப்பது கொழுப்பு. கொழுப்பை எடுத்துவிட்டுத் தண்ணீரைக் கொடுத்தால் அந்த வலைக்குக் கொண்டாட்டம். பாதி மாற்றும்போதும் ஆப்பிள் கூழைச் சிம்மில் வைத்துக் கொஞ்சம் வற்ற விட்டுச் சேருங்கள்.

கேள்வி: கோகோ இல்லாத வெள்ளை பிரவுனியில் புளூபெரி போட்டேன். பழத்தைச் சுற்றிப் பச்சையாகிவிட்டது! சாப்பிடலாமா?

பதில்: தாராளமாகச் சாப்பிடலாம். கெட்டுப்போகவில்லை. புளூபெரியின் நிறமி அமிலத்தில் சிவக்கும், காரத்தில் நீலமும் பச்சையுமாக மாறும். நீங்கள் சமையல் சோடா போட்டிருப்பீர்கள், அது காரம். அடுத்த முறை சோடாவை விட்டுவிட்டு ஒரு டீஸ்பூன் எலுமிச்சைச் சாறு சேருங்கள்.

கேள்வி: ஃப்ரீசரில் இருக்கும் பெரிப் பழங்களை உருக வைத்துச் சேர்க்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். உருகினால் சாறெல்லாம் வெளியே வந்துவிடும். உறைந்தபடியே மேலே தூவி, லேசாக அழுத்திவிடுங்கள். நேரம் ஐந்து நிமிடம் கூடும். உறைந்த வாழைப்பழம் மட்டும் விதிவிலக்கு. அதை உருக வைத்து, பிரிந்த நீரைச் சிறு பாத்திரத்தில் பாதியாகச் சுண்ட வைத்து மறுபடி பழத்தோடு சேருங்கள். வாசனை முழுவதும் அந்த நீரில்தான் இருக்கிறது.

கேள்வி: முட்டை இல்லாமல்?

பதில்: ஒரு முட்டைக்கு ஒரு டேபிள்ஸ்பூன் ஆளி விதைப் பொடியை மூன்று டேபிள்ஸ்பூன் தண்ணீரில் பத்து நிமிடம் ஊற வைத்துச் சேருங்கள். வழுவழுப்பாகக் கெட்டிப்படும். மசித்த வாழைப்பழம் 60 கிராம் சேர்ப்பவர்களும் உண்டு. ஆனால் ஏற்கெனவே பழம் இருக்கும் பிரவுனியில் அதை நான் சொல்ல மாட்டேன், ஈரம் தாங்காது.

கேள்வி: மேலே கண்ணாடித் தாள் மாதிரி விரிசல் விட்ட மேல்தோல் பழ பிரவுனியில் வருவதே இல்லையே?

பதில்: அந்தத் தோல், முட்டையும் கரைந்த சர்க்கரையும் சேர்ந்து மேலே காய்வதால் உண்டாவது. பழக்கூழின் தண்ணீர் அதைக் கெடுக்கிறது. முட்டையையும் சர்க்கரையையும் நான்கைந்து நிமிடம் நுரைக்க அடித்தால் ஓரளவு வரும். ஆனால் மேலே ஐசிங் தடவப் போகிறீர்கள் என்றால் இதற்காக மெனக்கெட வேண்டாம்.

கேள்வி: ஐசிங் தடவியதும் உருகி ஓரமாக வழிந்துவிட்டது. பிரவுனி ஆறித்தான் இருந்தது.

பதில்: மேலே தொட்டுப் பார்த்திருப்பீர்கள். நடுவில் சூடு நெடுநேரம் நிற்கும், பழம் இருந்தால் இன்னும் அதிகம். வெண்ணெய் 32 முதல் 35 டிகிரிக்குள் உருகிவிடும், நம் உடம்புச் சூட்டைவிடக் குறைவு. அதனால் தட்டின் அடியைத் தொட்டுப் பாருங்கள். கைக்கு வெதுவெதுப்பே தெரியக்கூடாது. இரண்டு மணி நேரமாவது விடுங்கள், அப்புறம் அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில். பொறுமை இல்லாத நாளில் கிளேஸ் (மேலே ஊற்றும் நீர்த்த சர்க்கரைக் கலவை) செய்துவிடுங்கள்: 120 கிராம் ஐசிங் சுகருக்கு 20 முதல் 25 மில்லி ஆரஞ்சுச் சாறு, துருவிய தோல் கொஞ்சம். கரண்டியைத் தூக்கினால் நாடாவாக விழுந்து, பத்து நொடியில் மறைய வேண்டும். இதை லேசான சூட்டிலும் ஊற்றலாம்.

கேள்வி: ஸ்ட்ராபெரி பட்டர்கிரீம் திரிதிரியாகப் பிரிந்துவிட்டது. அவ்வளவு வெண்ணெயையும் தூக்கிப் போடவா?

பதில்: ஐயோ, போடாதீர்கள்! அநேகமாகக் காப்பாற்றிவிடலாம்.

கொழுப்பும் தண்ணீரும் தானாகச் சேராது. வெண்ணெய் கொஞ்சம் தண்ணீரைத் தாங்கும், நீங்கள் அதைவிட அதிகமாகவோ, குளிர்ந்தபடியோ ஊற்றியிருக்கிறீர்கள். கிண்ணத்தைத் தொட்டால் சில்லென்று இருக்கிறதா? அடியை 15 நொடி வெந்நீரில் காட்டிவிட்டு அடியுங்கள். தளதளவென்று இருக்கிறதா? கால் மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்து அடியுங்கள். இரண்டுக்கும் மசியவில்லை என்றால் சாறு அதிகம். மென்மையான வெண்ணெயை ஒவ்வொரு ஸ்பூனாகச் சேர்த்துக்கொண்டே அடியுங்கள். முதலில் இன்னும் மோசமாகத் தெரியும். நிறுத்தாதீர்கள், திடீரென்று கூடி வரும்.

அடுத்த முறை பழத்தை வற்ற வைத்துச் சேருங்கள். 200 கிராம் ஸ்ட்ராபெரியை அரைத்து, அகலமான வாணலியில் சிம்மில் வைத்துக் கிளறிக்கொண்டே இருங்கள். முதல் பத்து நிமிடம் தண்ணீராகக் கொதிக்கும், நுரை வரும். பிறகு குமிழ்கள் பெரிதாகி, மெதுவாக வெடிக்கும். கரண்டியால் வாணலியின் நடுவே ஒரு கோடு இழுங்கள். கோடு உடனே மூடிக்கொண்டால் இன்னும் நேரம் இருக்கிறது. அடிப்பரப்பு தெரிந்தபடி இரண்டு மூன்று நொடி நின்றால் இறக்கிவிடலாம். 50, 60 கிராம்தான் மிஞ்சும், ஆனால் நிறமும் வாசனையும் அதற்குள் அடங்கியிருக்கும். முழுவதும் ஆறட்டும். வெண்ணெய் 100 கிராம் (விரலால் அழுத்தினால் குழி விழ வேண்டும், எண்ணெய் மினுக்கக்கூடாது), ஐசிங் சுகர் 200 கிராம் இரண்டையும் வெளுக்கும் வரை அடித்து, இந்த விழுதில் இரண்டு டேபிள்ஸ்பூன், ஒவ்வொரு டீஸ்பூனாகச் சேருங்கள். ஒரு சிட்டிகை உப்பும் அரை டீஸ்பூன் எலுமிச்சைச் சாறும் போட்டால் இனிப்பு திகட்டாது. நிறம் வெளிறித்தான் இருக்கும். அது நல்ல நிறம், சாயம் ஊற்றாதீர்கள்.

கேள்வி: ஐசிங் சுகரை வீட்டிலேயே பொடித்தால் நறநறவென்று இருக்கிறது.

பதில்: 200 கிராம் சர்க்கரைக்கு ஒரு டேபிள்ஸ்பூன் சோளமாவு சேர்த்து மிக்ஸியில் விட்டு விட்டு இரண்டு நிமிடம் அரைத்து, தூசி அடங்கிய பின் மூடியைத் திறந்து, மெல்லிய சல்லடையில் சலியுங்கள். கிளேஸுக்கு இது போதும், சாற்றில் கலந்து பத்து நிமிடம் வைத்தால் கரைந்துவிடும். பட்டர்கிரீமில் கரைய ஈரம் இல்லாததால் நறநறப்பு நிற்கும். அதற்கு மட்டும் கடையில் விற்கும் ஐசிங் சுகரே நல்லது.

கேள்வி: அன்னாசி சேர்த்த கிரீம் சீஸ் ஐசிங் மறுநாள் கசந்தது, நீர்த்தும் போனது.

பதில்: பச்சை அன்னாசியில் புரதத்தை உடைக்கும் ஒரு நொதி உண்டு, புரோமலைன் என்று பெயர். அது பால் புரதத்தை உடைக்க உடைக்கக் கசப்பு வரும். பப்பாளி, கிவி இரண்டிலும் இதே போன்ற நொதிகள் இருக்கின்றன. அடுப்பில் கொதிக்க வைத்து வற்ற வைத்தால் நொதி செயலிழந்துவிடும். டின் அன்னாசி ஏற்கெனவே சூடு கண்டதால் தொல்லையில்லை. கிரீம் சீஸ் நீர்ப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு: சர்க்கரை அதிலிருந்து நீரை இழுக்கிறது. அதனால் வெண்ணெயையும் சர்க்கரையையும் முதலில் அடித்துவிட்டு, சீஸைக் குளிர்ந்தபடியே கடைசியில் சேர்த்துச் சிறிது நேரம் மட்டும் கலக்குங்கள்.

கேள்வி: அம்மாவுக்குச் சர்க்கரை நோய். பேரீச்சம்பழம் போட்டுச் செய்தால் அவருக்குக் கொடுக்கலாம்தானே?

பதில்: பேரீச்சை பிரவுனிக்கு அருமையான பழம். தண்ணீர் குறைவு, ஊற வைத்து அரைத்தால் டாஃபி மாதிரி ருசி. ஆனால் அதன் எடையில் பாதிக்கு மேல் சர்க்கரைதான். "சர்க்கரை சேர்க்காதது" என்பதால் சர்க்கரை இல்லாததாகிவிடாது. அம்மாவின் மருத்துவரிடம் கேட்டு, அவர் சொல்லும் அளவில் கொடுங்கள். ஐசிங்கை அவருடைய துண்டில் தவிர்த்துவிடலாம்.

கேள்வி: பழம் போட்டாலே அது பிரவுனி இல்லை என்கிறாள் என் தோழி.

பதில்: பிரவுனியின் பழைய கதைகளில் ஒன்று 1893 சிகாகோ உலகக் கண்காட்சியைச் சேர்ந்தது. கண்காட்சிக்குப் போகும் பெண்களின் உணவுப் பெட்டியில் வைக்கக் கையடக்கமான இனிப்பு வேண்டும் என்று சிகாகோவின் பாமர் ஹவுஸ் ஹோட்டல் உரிமையாளரின் மனைவி பெர்த்தா பாமர் கேட்டாராம். ஹோட்டலில் செய்து கொடுத்தார்களாம். அந்த ஹோட்டலின் பிரவுனிக்கு மேலே பூசுவது ஆப்ரிகாட் கிளேஸ், அதாவது பழம். தோழிக்கு ஒரு துண்டு கொடுத்துவிட்டு இதைச் சொல்லுங்கள்.

கேள்வி: எத்தனை நாள் தாங்கும்? எப்போது வெட்டுவது?

பதில்: ஐசிங் இல்லாமல் வெளியே ஒரு நாள், வெயில் காலத்தில் அதுவும் வேண்டாம். ஃப்ரிட்ஜில் மூடி வைத்தால் மூன்று நான்கு நாள். கிரீம் சீஸ் தடவியது எப்போதும் ஃப்ரிட்ஜில்தான். ஃப்ரீசரில் வைப்பதானால் ஐசிங் தடவாமல், துண்டு துண்டாகச் சுற்றி இரண்டு மாதம் வரை வைக்கலாம். வெட்டுவது மறுநாள் என்றால் மிக நல்லது, ஈரம் சமமாகப் பரவியிருக்கும். கத்தியை வெந்நீரில் முக்கி, துடைத்து, ஒரே அழுத்தாக அழுத்துங்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் துடைக்க மறக்காதீர்கள், இல்லாவிட்டால் ஸ்ட்ராபெரி ஐசிங்கில் கோகோ கோடு விழும்.