புதுச்சேரியில் ஒரு பகல்: கப்பல் சுற்றுலாவா, ஆட்டோவா?

வணக்கம். கப்பல் காலை 9 முதல் மாலை 5 வரை நிற்கும், 70 வயது அம்மாவோடு இறங்குகிறோம், ஊர் சுற்றிக்காட்டும் சுற்றுலாவைக் கப்பலிலேயே வாங்கலாமா, இங்கே ஆட்டோ பிடிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஊருக்குள் மட்டும் என்றால் கப்பலில் வாங்காதீர்கள். கடற்கரைச் சாலை, ஆசிரமம், பாரதி பூங்கா எல்லாம் பக்கத்துப் பக்கத்தில். அம்மாவுக்கு முட்டி வலி இருந்தால் ஆட்டோ போதும், ஏறுவதற்கு முன்பே கட்டணம் பேசிவிடுங்கள். முதலில் மணக்குள விநாயகரைப் பார்த்துவிடுங்கள், மதியம் நடை சாத்தினால் 4 மணிக்குத்தான் திறப்பார்கள். போன வருஷம் என் சித்தியோடு காப்பி குடித்துவிட்டு நிதானமாகப் போனேன், கதவு சாத்தியிருந்தது, அர்ச்சனைத் தட்டோடு அவர் வெயிலில் நின்றது இன்னும் மனசில் இருக்கிறது.

ஆரோவில் என்றால் வேறு கதை. சுமார் 10 கிலோமீட்டர்தான், ஆனால் திரும்பும்போது ராஜீவ் காந்தி சதுக்கத்தில் நெரிசலில் மாட்டினால் மாட்டியதுதான். கப்பல்காரர்கள் கூட்டிப்போன வண்டி தாமதமானால் கப்பல் காத்திருக்கும், நாமாகப் போனால் காத்திருக்காது. அதனால் அதை மட்டும் அவர்களிடமே வாங்குங்கள். அப்புறம், படகில்தான் கரைக்கு இறக்குவார்கள் என்றால், கப்பலுக்குத் திரும்பும் கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று இறங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.