பாணி மருந்தும் முட்டும்

கேள்வி: மூத்தவனுக்கு நாலு வயது. ஒரு வயதுக்குள் மூன்று தரம் அன்ரிபயோட்டிக் பாணி குடித்தவன். இப்போது முட்டு (அஸ்மா) என்று கிளினிக்கில் வாயால் இழுக்கிற பம்ப் தந்திருக்கிறார்கள். "மருந்தைப் பருக்கிப் பருக்கிப் பிள்ளையைப் பழுதாக்கிப்போட்டாய்" என்கிறா மாமி. இவருக்கும் சின்னனில் முட்டு இருந்ததாம். இளையவளுக்கு இரண்டு மாதம், தாய்ப்பால்தான். இவளுக்கு அன்ரிபயோட்டிக் கொடுக்கவே கூடாதா? போன மாதம் மூத்தவனுக்குத் தந்த பாணியில் மிச்சத்தை, தடிமனுக்கு உதவும் என்று மாமி பிரிட்ஜில் வைத்திருக்கிறா.
– ஒரு தாய், சாவகச்சேரி

பதில்: தங்கச்சி, 'இவருக்கும் சின்னனில் முட்டு' என்று போகிறபோக்கில் எழுதிவிட்டீர்கள். முட்டு குடும்பத்தில் ஓடுகிற வருத்தம். பழியைப் பாணிப் போத்தலின் தலையில் மட்டும் கட்ட முடியாது. (இந்த வரியை மாமிக்கு வாசித்துக் காட்ட வேண்டாம்.)

ஆனாலும் அவ சொல்வதில் விஷயம் இருக்கிறது. கனடாவில் பிறப்பிலிருந்தே கவனிக்கப்பட்ட பிள்ளைகளின் கணக்கு 2020இல் வெளிவந்தது. முதல் வயதில் அன்ரிபயோட்டிக் எடுக்காதவர்களில் 5.2 வீதமானோருக்கு ஐந்து வயதுக்குள் முட்டு. ஒரு தரம் எடுத்தவர்களில் 8.1 வீதம். தரம் கூட வீதமும் கூடியது. கைக்குழந்தையின் முதல் இழுப்பு நெஞ்சுச்சளி போலவே இருக்கும். அதற்குத்தான் பாணி கொடுத்திருந்தால், மருந்தால் முட்டு வரவில்லை, முட்டால்தான் மருந்து வந்தது. அதனால் நெஞ்சு வருத்தத்துக்கு மருந்து எடுத்தவர்களை நீக்கியும் பார்த்தார்கள். தொடர்பு நின்றது.

காரணம் குடலில் இருக்கலாம். எதை எதிர்ப்பது, எதைச் சும்மா விடுவது என்று பிள்ளையின் நோயெதிர்ப்புக்குப் பழக்குவதில் குடல் பக்ரீரியாக்களுக்குப் பெரிய பங்கு. அன்ரிபயோட்டிக் கெட்ட கிருமியோடு அவற்றையும் அள்ளிக்கொண்டு போகிறது. 2015இல் 319 குழந்தைகளின் மலத்தைச் சோதித்தார்கள். முட்டு வரும் ஆபத்துக் கூடியவர்களில் நாலு வகைப் பக்ரீரியாக்கள் மூன்று மாதத்தில் குறைந்திருந்தன. ஒரு வயதில் அந்த வித்தியாசம் பெரும்பாலும் இல்லை. அவ்வளவு சின்னக் காலம் அது.

உங்கள் இளையவள் இப்போது அந்தக் காலத்தில்தான் இருக்கிறாள். அதற்காக அன்ரிபயோட்டிக்கே வேண்டாம் என்று மறுத்துவிடாதீர்கள். மூன்று மாதத்துக்குள் காய்ச்சல் வந்தாலோ, மூச்சு வேகமாகி நெஞ்சு குழி விழுந்தாலோ, பால் குடிக்க மறுத்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடுங்கள். அங்கே ஏற்றுகிற மருந்து உயிரைக் காக்கும். வெறும் தடிமன், மூக்கொழுகல் வேறு. அது வைரஸ், அன்ரிபயோட்டிக்குக்கு அசையாது. "இது இப்ப கட்டாயம் வேணுமோ, டொக்டர்?" என்று கேளுங்கள், கோபிக்க மாட்டார்கள். தாய்ப்பாலையும் விடாதீர்கள். மருந்து எடுத்த காலத்தில் தாய்ப்பால் குடித்த பிள்ளைகளில் அந்த மேலதிக ஆபத்துத் தெரியவில்லை என்று அதே கனடாப் பிள்ளைகளை வைத்து 2023இல் எழுதினார்கள்.

மூத்தவனின் பம்ப் அன்ரிபயோட்டிக் அல்ல. இருமல் நின்றுவிட்டது என்று நீங்களாக நிறுத்தாதீர்கள். அவன் படுக்கிற அறையில் நுளம்புத்திரி வேண்டாம், வலை கட்டுங்கள்.

அந்தப் பிரிட்ஜ் போத்தல்? கரைத்த பாணி ஒன்றிரண்டு கிழமைதான் தாங்கும். மருந்தைக் குறை சொல்கிறவவே அதைப் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறா! மாமி கோயிலுக்குப் போகிற நேரம் பார்த்து எறிந்துவிடுங்கள்.